கடல் கடந்த பயணமும் வாசக் கணக்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிரந்தரமாக வசிக்க அநுமதி பெற்று, எல்லோரும் கிரீன் கார்டு என்று சொல்லும் அட்டையை வாங்கிய தினத்திலிருந்தே ஒருவர் 5 வருஷங்களை எண்ணத் தொடங்கிவிடுகிறார். அந்த 5 வருஷம் நிறைந்ததும் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்யலாம் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. ஆனால், அந்தக் காலத்துக்குள் தாயாரைப் பார்க்கத் தஞ்சாவூர் போய் வந்ததும், தங்கை கலியாணத்துக்கென்று மதுரையில் இரண்டு மாதம் தங்கியதும், உத்தியோக நிமித்தமாகப் பெங்களூரில் எட்டு மாதம் இருந்ததும் அந்த எண்ணிக்கையில் என்ன மாறுதலை உண்டாக்கும் என்பது பெரும்பாலும் தெரிந்திருப்பதில்லை. தெரியாமையால் வரும் நஷ்டம் சிறிதன்று. கட்டிய கட்டணம் திரும்பி வராது; மனுவைப் போட்டுவிட்டுக் காத்திருந்த மாதங்கள் வீணாகும்; சிலருக்கு மறுபடியும் நாலு வருஷம் காத்திருக்கும்படி நேரும். விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே அறிந்திருந்தால் எளிதில் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம் இது என்பதனால், இவ்வத்தியாயத்தில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1952-ஆம் வருஷத்துக் குடியேற்ற, தேசியச் சட்டத்தின் 316-ஆம் பிரிவு மனுதாரரிடம் இரண்டு வெவ்வேறான கேள்விகளைக் கேட்கிறது. மனுச் செய்யும் நாளுக்கு முந்திய 5 வருஷ காலமும் உம்முடைய வாசஸ்தலம் இடையறாமல் இந்த நாடாகவே இருந்து வந்ததா என்பது முதற் கேள்வி. அந்த 5 வருஷத்தில் பாதிக் காலமாவது, அதாவது 30 மாதமாவது, சரீரத்தோடு இந்த மண்ணில் இருந்தீரா என்பது இரண்டாவது கேள்வி. முதலாவதை இடையறா வாசம் என்றும், இரண்டாவதை நேரிருப்பு என்றும் இந்நூலில் குறிப்பிடுவோம். வீடும் குடும்பமும் நியூ ஜெர்ஸியில் இருக்க, வருஷத்தில் ஏழு எட்டு மாதம் பல நாடுகளிலும் சிறு சிறு பயணங்களாகச் சுற்றி வரும் வியாபாரி ஒருவர் முதற் கேள்விக்குத் தைரியமாகப் பதில் சொல்லிவிடுவார், இரண்டாவதில் தவறிவிடுவார். 5 வருஷத்தில் ஒரே ஒரு முறை மட்டும் இந்தியாவுக்குப் போய், ஆனால் 13 மாதம் தொடர்ந்து தங்கிவிட்டவருக்கோ நேரிருப்பு நாட்கள் தாராளமாகத் தேறும். வாசம் அறுந்து போயிருக்கும். இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே இவ்விஷயத்தில் நிகழும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம். அமெரிக்கப் பிரஜை ஒருவரை மணந்து அவரோடு கூடி வாழ்கிறவருக்கு 5 வருஷத்துக்குப் பதிலாக 3 வருஷமும், 30 மாதத்துக்குப் பதிலாக 18 மாதமும் போதும் என்பதைத் தவிர, கணக்கின் முறை அவருக்கும் இதுவேதான்.

இக்காலத்து விதியைக் கடுமையானது என்று எண்ணுகிறவர்கள் அதன் பூர்வ சரித்திரத்தையும் சிறிது அறிந்துகொள்வது நல்லது. 1790-இல் இயற்றப்பட்ட முதற் சட்டம் 2 வருஷ வாசத்தை மட்டுமே கேட்டது. 1795-இல் அது 5 ஆயிற்று. 1798-இல் 14 வருஷமாக உயர்த்தப்பட்டு, 1802-இல் மீண்டும் 5-க்கே வந்து நிலைத்தது. இங்கிலாந்தோடு யுத்தம் நடந்துகொண்டிருந்த 1813-இல், அந்த 5 வருஷத்தில் ஒரு தடவைகூட நாட்டின் எல்லையை விட்டு வெளியே போயிருக்கக் கூடாது என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டு, 1848 வரையில் அமுலில் இருந்தது. நம்மவர்களுக்கு அந்த வாசல் வெகு காலம் அடைபட்டே கிடந்தது. இந்தியர் பிரஜையாகும் தகுதியுடையவர் அல்லர் என்று பகத் சிங் திண்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923-இல் தீர்ப்புச் சொல்லி, பிறகு 1946-இல் காங்கிரஸ் சட்டம் இயற்றிக் கதவைத் திறந்த பின்னரே இந்த வாசக் கணக்கு இந்தியருக்கு ஒரு பொருட்டாயிற்று. இன்றைய விதி பயணத்தைத் தடுப்பதில்லை. பயணத்தின் நீளத்தைத்தான் கவனிக்கிறது.

அந்த நீளத்துக்கு மூன்று படிகள் உண்டு. ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேற்படாமல் வெளியே இருந்தால், அந்தப் பயணத்தினால் மட்டும் வாசம் அறுந்ததாகச் சட்டம் கொள்வதில்லை. 6 மாதத்தைத் தாண்டி, 1 வருஷத்துக்குக் குறைவாக இருந்தால், வாசம் அறுந்துவிட்டது என்று சட்டம் அநுமானித்துக்கொள்கிறது. ஆயினும் அது அநுமானமே ஆகையால், தக்க ஆதாரங்களைக் காட்டி அதைப் பொய்ப்பிக்க மனுதாரருக்கு இடமிருக்கிறது. 1 வருஷமோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் அநுமானத்துக்கே வேலையில்லை. வாசம் அறுந்தே போயிற்று. எந்தக் காரணமும் அதை ஒட்ட வைக்காது. அதிகாரிகள் 6 மாதம் என்பதை 180 நாள் என்று எண்ணுவதனால், ஆறாவது மாதத்தின் கடைசி வாரத்தில் திரும்புவதாகத் திட்டம் போடுகிறவர் விமானம் ரத்தாவது, குழந்தைக்கு ஜுரம் வருவது முதலியவற்றுக்கெல்லாம் இடம் வைத்து, இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே சீட்டை வாங்கிவிடுவது விவேகம்.

நடுப்படியில் அகப்பட்டுக்கொள்கிறவர்களே நம்மில் அதிகம். ஊரில் தகப்பனாருக்குப் பக்கவாதம் வந்துவிடுகிறது. உடன் பார்த்துக்கொள்ள வேறு பிள்ளைகள் இல்லை. ஒரு மாதம் என்று போனவர் எட்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறார். கொள்ளை நோய்க் காலத்தில் 2020 மார்ச் 23 முதல் இந்தியாவுக்கு வழக்கமாக வந்து போகும் பன்னாட்டு விமானங்கள் நின்றுபோனபோது, எத்தனையோ பேர் விரும்பியும் திரும்ப முடியாமல் தவித்தார்கள். இப்படிப்பட்டவர்கள் சாதாரணமாக ஆஸ்பத்திரிக் கடிதங்களையும் டாக்டர் சீட்டுகளையும் கட்டுக் கட்டாகச் சேர்த்துக்கொண்டு போய், போனதற்கு நியாயமான காரணம் உண்டு என்று காட்டினால் போதும் என்று நம்புகிறார்கள். காரணம் நியாயமானதா என்பது சட்டத்தின் பிரதானக் கேள்வி அன்று. போயிருந்த காலத்தில் இங்கே உமது வாழ்க்கை கலையாமல் இருந்ததா என்பதே கேள்வி. இந்நாட்டில் பார்த்துவந்த உத்தியோகத்தை விட்டுவிடாமல் லீவில் இருந்தாரா, அங்கே போய் வேறு உத்தியோகத்தில் அமராமல் இருந்தாரா, மனைவி மக்கள் இங்கேயே இருந்தார்களா, குடியிருந்த வீடு தம் வசத்திலேயே இருந்ததா என்ற நான்கையும் விதியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆகவே, டாக்டர் கடிதம் ஒன்று இருந்தால், அதோடு லீவு அநுமதித்து நிறுவனம் கொடுத்த கடிதம், அந்த மாதங்களுக்கும் விடாமல் வீட்டு வாடகையோ கடன் தவணையோ கட்டிய ரசீதுகள், மின்சாரப் பில், காரின் இன்ஷூரன்ஸ், குழந்தைகளின் பள்ளிக்கூட வருகைப் பதிவு ஆகியவை ஐந்தாறு இருக்க வேண்டும். நோய் ஏன் போனீர் என்பதற்கு விடையாகும்; எங்கே உமது வீடு என்பதற்கு இவைதாம் விடை.

இதைப் படித்துவிட்டு, தாயாரின் படுக்கையருகே போய் உட்கார வேண்டிய சமயத்தில் எவரேனும் நாட்களை எண்ணிக்கொண்டு தயங்குவாரானால் அது இந்நூலாசிரியனுக்குப் பெரிய துக்கத்தை உண்டாக்கும். பிரஜாவுரிமை ஓராண்டு தாமதமாகக் கிடைத்தாலும் கிடைக்கும்; தாயார் காத்திருக்க முடியாது. போகத்தான் வேண்டும். ஆனால் போகும்போது வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றுவிட்டுப் போவதற்கும், பூட்டிய வீட்டின் வாடகையைக் கட்டிக்கொண்டே போவதற்கும், வேலையை ராஜிநாமாச் செய்துவிட்டுப் போவதற்கும், சம்பளமில்லா லீவு எழுதி வாங்கிக்கொண்டு போவதற்கும் பிற்காலத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் ஏற்படுகிறது. அவசரத்தில் புறப்படுகிறவருக்கு இந்த இரண்டொரு காரியங்களைச் செய்ய அரை நாள் அவகாசம் போதும்.

1 வருஷத்துக்கு மேற்பட்டுவிட்டவருடைய நிலையை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். ஒருவர் 2019 மார்ச் 1-ந் தேதி நிரந்தர வாச உரிமை பெற்றவர். 2021 ஜனவரி 10-ந் தேதி இந்தியாவுக்குப் போய், 2022 பிப்ரவரி 20-ந் தேதி திரும்புகிறார். பயணமே இல்லாதிருந்தால் 2024 மார்ச்சில் அவருக்கு 5 வருஷம் நிறைந்திருக்கும். இப்போது அப்படியன்று, திரும்பி வந்த நாளிலிருந்து 4 வருஷமும் 1 நாளும் கழித்து, அதாவது 2026 பிப்ரவரி 21-ந் தேதிதான் அவர் மனுச் செய்யத் தகுதி பெறுகிறார். முழு 5 வருஷம் காத்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். 2026 பிப்ரவரி 21-லிருந்து 5 வருஷம் பின்னோக்கிப் பார்த்தால், அந்த எல்லைக்குள் அகப்படும் வெளிவாசம் 1 வருஷத்துக்குச் சற்றே குறைவாக இருக்கும். அதனால்தான் 4 வருஷமும் ஒரு நாளும் என்ற கணக்கு. ஆனால் அது 6 மாதத்துக்கு மேற்பட்டதே ஆகையால், முன் சொன்ன அநுமானம் அவர் தலைமேல் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆதாரங்களோடு அதை எதிர்க்க வேண்டும். ஆதாரங்கள் பலமாக இல்லாதவர் இன்னும் அரை வருஷம் பொறுத்து, செப்டம்பர் மாதத்தில் மனுவைப் போட்டால், எல்லைக்குள் விழும் வெளிவாசம் 6 மாதத்துக்கும் கீழே இறங்கிவிடும், கேள்விக்கே இடமிராது. அவசரம் ஒன்றும் இல்லாதவர்களுக்கு இந்த இரண்டாவது வழியே சிலாக்கியமானது என்பது என் அபிப்பிராயம். மணவுறவின் பேரில் 3 வருஷக் கணக்கில் மனுச் செய்கிறவருக்கு, திரும்பி வந்த பின் 2 வருஷமும் 1 நாளும் என்று கொள்ள வேண்டும்.

இங்கே மறுநுழைவு அநுமதிப் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெகு நாள் வெளியே இருக்கப் போகிறவர்கள், இந்நாட்டில் இருக்கும்போதே ஐ-131 என்ற படிவத்தில் மனுச் செய்து, சாதாரணமாக 2 வருஷம் வரை செல்லுபடியாகும் ஒரு பத்திரத்தை வாங்கிக்கொள்வது வழக்கம். அந்தப் பத்திரம் மிகவும் பிரயோஜனமுள்ளது. அது இல்லாமல் 1 வருஷத்துக்கு மேல் வெளியே தங்கியவர் கிரீன் கார்டை மட்டும் காட்டி உள்ளே நுழைய முடியாது. தூதரகத்துக்குப் போய்த் தனி விசா கேட்கும்படி ஆகிவிடும். ஆனால் பத்திரம் காப்பாற்றுவது நிரந்தர வாச உரிமையை மட்டுமே. பிரஜாவுரிமைக்கான இடையறா வாசத்தை அது ஒரு நாளும் காப்பாற்றுவதில்லை. மேலே சொன்ன உதாரணத்தில் வருகிறவர் அந்தப் பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டே போயிருந்தாலும், 2026 பிப்ரவரி வரையில் அவர் காத்திருக்கத்தான் வேண்டும். பத்திரம் இருக்கிறதே, பயமில்லை என்று ஒன்றரை வருஷம் தங்கிவிட்டு வந்து ஏமாந்து போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாசத்தைக் காப்பாற்றித் தருவதற்கென்றே சட்டம் வகுத்திருக்கும் வழி வேறொன்று. அதற்குரிய படிவம் என்-470. அமெரிக்க சர்க்காருக்காகவோ, வெளிநாட்டு வர்த்தகத்தை விருத்தி செய்யும் அமெரிக்க நிறுவனத்துக்காகவோ, அமெரிக்காவும் அங்கமாக இருக்கும் சர்வதேச ஸ்தாபனத்துக்காகவோ வெளிநாட்டில் உத்தியோகம் பார்க்க அனுப்பப்படுகிறவர், நிரந்தர வாச உரிமை பெற்ற பிறகு 1 வருஷ காலம் ஒரு தடவையும் வெளியேறாமல் இந்நாட்டிலேயே இருந்திருந்தால், தாம் வெளியே போய் 1 வருஷம் நிறைவதற்குள் இந்த மனுவைக் கொடுத்து வாசத்தை அறாமல் வைத்துக்கொள்ளலாம். அவரோடு போய் வசிக்கும் மனைவிக்கும் அவரை நம்பியிருக்கும் மணமாகாத குழந்தைகளுக்கும் இப்பயன் உண்டு. பெங்களூருக்கோ சென்னைக்கோ மாற்றலாகிப் போகும் கம்ப்யூட்டர் துறையினர் இவ்விஷயத்தில் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். நிறுவனத்தின் உடைமையில் பாதிக்கு மேல் அமெரிக்கருடையதாக இருக்க வேண்டும். இந்திய நிறுவனம் ஒன்று நியூ ஜெர்ஸியில் கிளை வைத்திருப்பது போதாது. அன்றியும், அந்த ஒரு வருஷத்தில் கனடாவுக்கு ஒரு வார இறுதியில் போய் வந்திருந்தாலும் எண்ணிக்கை முறிந்துவிடும். இவ்வளவும் பொருந்தினாலும், சாதாரண நிறுவன ஊழியருக்கு நேரிருப்பு நிபந்தனை நீங்குவதில்லை; 30 மாதத்தை அவர் பூர்த்தி செய்தே தீர வேண்டும். சர்க்கார் ஊழியருக்கும், தக்க சமய ஸ்தாபனத்தால் அனுப்பப்பட்டுப் புரோகிதம் முதலிய திருப்பணிகளைச் செய்கிறவருக்கும் சலுகை அதைவிட அதிகம். வெளிநாட்டில் இவ்விதமான உத்தியோகம் பார்க்கும் பிரஜையின் கணவனுக்கோ மனைவிக்கோ முற்றிலும் தனியான விதி ஒன்று உண்டு. வாசக் கணக்கே அவரிடம் கேட்கப்படுவதில்லை.

நேரிருப்பைக் கணக்கிடுவது இதைவிட எளிது. 5 வருஷத்துக்கு 1,826 நாள். அதில் பாதி 913. புறப்பட்ட நாளும் திரும்பி வந்த நாளும் இந்நாட்டில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். ஜூன் 10-ந் தேதி விமானம் ஏறி ஜூலை 10-ந் தேதி வந்து இறங்கியவர் வெளியே இருந்தது 29 நாளே. ஒரு நாள் இரண்டு நாள்தானே என்று இதை அலட்சியம் செய்ய வேண்டாம். உத்தியோக நிமித்தமாக மாதந்தோறும் போய் வருகிறவருக்கு 5 வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நாட்கள் இதனால் சாதகமாகத் திரும்பி வரும். மனுவை 5 வருஷம் நிறைவதற்கு 90 நாள் முன்னதாகவே கொடுக்கலாம் என்ற சலுகையை உபயோகிக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சலுகை வாச காலத்துக்குத்தான். 913 நாட்களும் மனுக் கொடுக்கும் அன்றைக்கே தேறியிருக்க வேண்டும்.

பிரஜையாகிவிட்ட மகனோ மகளோ மனுச் செய்து அழைத்துக்கொண்ட பெற்றோரின் சங்கதி தனியே எடுத்துச் சொல்லத் தக்கது. அவர்களைப் போல் இவ்விதிகளுக்கிடையே நசுங்குகிறவர்கள் வேறு எவரும் இல்லை. டெக்சாஸில் பேரக் குழந்தை. கோயம்புத்தூரில் சொந்த வீடு, தோட்டம், பென்ஷன், பழகிய கோயில், பேசிப் பழகிய அண்டை வீட்டார். குளிர் காலம் வந்ததும் ஊருக்குப் போய், ஐந்தரை மாதம் இருந்துவிட்டு, 6 மாதம் ஆவதற்குள் வந்து, மூன்று வாரம் பேரனோடு இருந்துவிட்டு, மறுபடி புறப்படுகிறார்கள். எந்தப் பயணமும் 6 மாதத்தைத் தாண்டவில்லை ஆகையால் கவலையில்லை என்று பிள்ளைகளும் நினைக்கிறார்கள். முதலாவதாக, நேரிருப்பு அங்கேயே தோற்றுவிடும். வருஷத்தில் பதினோரு மாதம் வெளியே இருந்தவருக்கு 5 வருஷத்தில் 913 நாள் எப்படித் தேறும்? இரண்டாவதாக, வருஷத்தில் சரிபாதி மட்டும் ஊரில் இருந்து, எப்படியோ நாட்களைத் தேற்றிக்கொண்டவருக்கும் ஓர் இடர் காத்திருக்கிறது. வாசஸ்தலம் என்பதற்குச் சட்டம் கொடுக்கும் லட்சணம், ஒருவர் பிரதானமாகவும் பிரத்தியட்சமாகவும் குடியிருக்கும் இடம் என்பதே. அவருடைய எண்ணம் என்ன என்பதைச் சட்டம் பொருட்படுத்துவதில்லை. இங்கேதான் வாழ்வதாக எண்ணியிருந்தேன் என்ற பதில் எடுபடாது. அதிகாரி பயணப் பட்டியலைப் பார்த்து, இவர் கோயம்புத்தூரில் குடியிருந்துகொண்டு டெக்சாஸுக்கு விருந்தாளியாக வந்து போகிறார் என்று முடிவு செய்வாராயின், பிரஜாவுரிமை மட்டுமன்றி நிரந்தர வாச உரிமையே ஆட்டங்கண்டுவிடும். வயதான பெற்றோரை வற்புறுத்தி இந்நாட்டில் கட்டி வைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பிரஜாவுரிமை அவர்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்பதைக் குடும்பத்தார் கூடி உட்கார்ந்து முதலில் தீர்மானித்துக்கொள்ளட்டும். வேண்டுமென்றால் 5 வருஷம் இங்கேயே பிரதானமாக இருந்து, வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் ஊருக்குப் போய் வரட்டும். வேண்டாமென்றால் பயண விசாவில் வந்து போவதே அவர்களுக்கு நிம்மதி.

வரிக் கணக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஊரில் இருந்த வருஷத்துக்கு, நான் இந்நாட்டில் வசிப்பவன் அல்லன் என்று சொல்லி வரிச் சலுகை பெற்றுக்கொண்டவர், பிரஜாவுரிமை மனுவில் அதே வருஷத்துக்கு இங்கே இடையறாமல் வசித்ததாக எழுதினால், அவர் கையெழுத்தே அவருக்கு எதிர்ச் சாட்சியாகும். நிரந்தர வாச உரிமையைக் கைவிட்டதாகவே அது அநுமானிக்கப்படும். நாலு காசு மிச்சம் பிடிக்க யோசனை சொல்லும் கணக்கரிடம் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

இனி, பயணப் பட்டியல். என்-400 என்ற மனுவில், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் ஒவ்வொன்றையும், போன தேதி, வந்த தேதி, போன தேசம் என்று வரிசையாக எழுதும்படி கேட்கப்படும். பலர் மனு எழுத உட்காரும் இரவில்தான் பாஸ்போர்ட்டைப் புரட்டுகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் அடித்த முத்திரை பாதி மை விழாமல் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக அடித்ததில் தேதி 13-ஆ 18-ஆ என்று தெரியாது. அமெரிக்காவுக்குள் நுழையும்போது சில வருஷங்களாக முத்திரையே விழுந்திராது. இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால், மூலை கத்தரித்துத் திருப்பிக் கொடுத்த பழைய புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறதோ என்று தேட வேண்டியிருக்கும். ஆகவே பழைய பாஸ்போர்ட்டுகளை எக்காரணத்தாலும் தூக்கிப் போடலாகாது. விமானக் கம்பெனிகள் மின்னஞ்சலில் அனுப்பும் சீட்டு விவரங்களைத் தனியே சேமித்து வைப்பதும், நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் வீடு வந்து சேர்ந்த அன்றே தேதிகளைக் குறித்துவிடுவதும் நல்ல பழக்கங்கள். எல்லைக் காவல் இலாகாவின் ஐ-94 இணையப் பக்கத்தில் போக்குவரத்து விவரம் ஓரளவு கிடைக்கும். அது முழுமையாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. நயாகராவைக் கனடாப் பக்கத்திலிருந்து பார்க்க என்று காரிலே போய் இரண்டு இரவு தங்கிய பயணம் எந்த முத்திரையிலும் இராது. ஆனால் பட்டியலில் இருந்தாக வேண்டும்.

பட்டியலில் ஒரு தேதி ஒருநாள் முன் பின்னாகிவிட்டால் என்ன ஆகும் என்று நடுங்குகிறவர்கள் உண்டு. மறதியால் வந்த பிழையை நேர்காணலின் ஆரம்பத்திலேயே சொல்லித் திருத்திக்கொள்ளலாம். அதிகாரிகள் அதை நித்தியம் பார்க்கிறவர்கள். ஆனால் 7 மாதப் பயணத்தை 5 மாதமாகச் சுருக்கி எழுதுவதும், சத்தியம் செய்துவிட்டு அதையே வாயாலும் சொல்லுவதும் வேறு ஜாதியைச் சேர்ந்த காரியம். உரிமை ஒன்றைப் பெறும் நோக்கத்தோடு பிரமாணத்தின் பேரில் சொன்ன பொய், அற்பமான விஷயத்தைப் பற்றியதாயினும், நன்னடத்தை இல்லாதவர் என்ற தீர்மானத்துக்கு அதுவே போதும் என்பது சட்டம். உண்மையைச் சொல்லி மனு நிராகரிக்கப்பட்டவர், 30 நாளுக்குள் என்-336 படிவத்தில் மறு விசாரணை கேட்கலாம்; அல்லது காலம் நிறைந்த பின் புதிதாக மனுச் செய்யலாம். பொய் சொல்லி அகப்பட்டவருடைய பாதை அவ்வளவு சுலபமாக இராது.

மனுவைக் கொடுத்த பிறகும் பயண விதிகள் ஓய்வதில்லை. மனுக் கொடுப்பதற்கு முன் 3 மாதம் எந்த மாகாணத்தில் அல்லது இலாகா வட்டத்தில் வசித்தாரோ அங்கேதான் மனு விசாரிக்கப்படும். இடையறா வாசமோ, பிரமாணம் எடுக்கும் வரையிலும் அறாமல் இருக்க வேண்டும். இடையில் இரண்டு மூன்று வாரப் பயணம் போவதில் குற்றமில்லை. கைரேகைக்கும் நேர்காணலுக்கும் குறித்த தேதிகளில் வந்து நிற்க முடியுமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நேர்காணலில், மனுக் கொடுத்த பின் போய் வந்த பயணங்களையும் கேட்டுப் பட்டியலில் சேர்ப்பார்கள். பிரமாணத்துக்கு அழைக்கும் என்-445 என்ற கடிதத்தின் பின்புறத்தில், நேர்காணலுக்குப் பிறகு வெளிநாடு போனீரா என்ற கேள்வி அச்சிட்டிருக்கும்; அன்று காலையில் அதற்கு விடை எழுதிக் கையெழுத்திட்டே மண்டபத்துக்குள் போக வேண்டும்.

பிரமாணம் எடுத்த அன்றே கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 1955-ஆம் வருஷத்து இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, இன்னொரு நாட்டின் பிரஜாவுரிமையை விரும்பி ஏற்ற கணமே இந்தியக் குடியுரிமை நீங்கிவிடுகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டை அதற்குப் பிறகு பயணத்துக்கு உபயோகிப்பது குற்றம். எனவே, அன்று மாலை அவர் கையில் இருப்பது பிரஜாவுரிமைச் சான்றிதழ் ஒன்றுதான். விமானம் ஏற அது உதவாது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு மனுச் செய்து பெற்று, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கி, பிறகு இந்தியாவுக்கு விசாவோ கடல்கடந்த இந்தியர் அட்டையோ பெற்றால்தான் ஊருக்குப் புறப்பட முடியும். பாஸ்போர்ட்டை அவசரமாகப் பெறுவதற்கு அதிகக் கட்டணத்தில் வழி உண்டாயினும், மற்றவற்றுக்கு வாரக் கணக்கில் ஆகலாம். ஆகவே பொங்கலுக்கோ சகோதரன் கலியாணத்துக்கோ ஊருக்குப் போயே தீர வேண்டியவர், பிரமாணத் தேதி எப்போது வரும் என்று தெரிகிற வரையில் திருப்பிக் கொடுக்க முடியாத விமானச் சீட்டை வாங்காமல் இருக்க வேண்டும். தேதி நெருக்கத்தில் வந்துவிட்டால், பிரமாணத்தை அடுத்த நிகழ்ச்சிக்கு ஒத்திவைக்கும்படி எழுதிக் கேட்டுக்கொண்டு, கிரீன் கார்டிலேயே ஊருக்குப் போய்த் திரும்பி வந்த பின் பிரமாணம் எடுத்துக்கொள்வது உசிதம்.